போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு!

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி: நம்மிடம் உள்ள தரவை இன்னோர் ஊரிலுள்ள சர்வருக்கு டைமர் வைத்து நகலெடுத்து அனுப்புவது.

கேள்வி: பில் போடப் போடவே வெளியூர் சர்வரிலும் பதிவாகிவிட்டால் நல்லதுதானே? நடுவில் டைமர் எதற்கு? (இரும்புக்கடை உரிமையாளர், ஈரோடு)

பதில்: நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பதிவும், ‘அங்கே சேர்ந்துவிட்டது’ என்று பதில் வரும்வரை காத்து நிற்கும். கண்ணாடியிழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. சென்னையிலிருந்து டெல்லி நேர்கோட்டிலேயே 1,700 கி.மீ.க்கு மேல். போய்த் திரும்ப 17 மில்லிவிநாடியாவது ஆகும். கேபிள் சுற்றி வளைத்துப் போவதால் இன்னும் கூடும். உங்கள் கணினியிலுள்ள எஸ்எஸ்டியோ ஒரு மில்லிவிநாடிக்குள் எழுதி முடித்துவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒளியை இதற்கு மேல் விரட்ட முடியாது. அதனால் பக்கத்துக் கட்டடத்துக்கு உடனுக்குடன் அனுப்புங்கள், தொலைவூருக்கு டைமர் வையுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு. 15 நிமிடத்தில் ஒரு சரக்கின் இருப்பு 50 தடவை மாறினாலும், கடைசிக் கணக்கு மட்டும் போனால் போதும்.

கேள்வி: 15 நிமிட டைமர் வைத்திருக்கிறேன். எது நடந்தாலும் 15 நிமிட வேலைதானே போகும்? (மருந்துக்கடைக்காரர், திருச்சி)

பதில்: பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். 10:00 மணிக்கு டைமர் அடிக்கிறது. அந்த நேரத்து நிலையைப் படம்பிடித்து அனுப்ப 10 நிமிடம், 10:10-க்குப் போய்ச் சேருகிறது. அடுத்தது 10:15-க்குக் கிளம்பி 10:25-க்குச் சேர வேண்டும். 10:24-க்கு இங்கே சர்வர் எரிந்து போனால் அங்கே முழுசாக இருப்பது எது? 10:00 மணி நிலைதான். போனது 24 நிமிட வேலை. ஆகவே டைமரின் இடைவெளியோடு பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பேருந்து நேரத்துக்குக் கிளம்பியது என்பதற்காக யாரும் ஊர் போய்ச் சேர்ந்ததாக ஆகிவிடாது.

கேள்வி: முதல் அனுப்புதல் முடியுமுன் அடுத்த மணி அடித்தால் என்ன ஆகும்? (கல்லூரிக் கணினி ஆய்வக உதவியாளர், சேலம்)

பதில்: லினக்ஸின் பழைய டைமரான க்ரான், முந்தைய வேலை முடிந்ததா என்று பார்க்காது. நேரம் வந்தால் இரண்டாவதையும் கிளப்பிவிடும். இரண்டும் ஒரே லைனில் முட்டி, இரண்டுமே தாமதமாகும், மூன்றாவதும் வந்து சேரும். எஃப்லாக் என்ற சிறு கட்டளையால் வேலைக்குப் பூட்டுப் போட்டால் இந்த நெரிசல் வராது. லினக்ஸின் புதிய டைமரான சிஸ்டம்டியில் ‘முந்தையது முடிந்து இத்தனை நிமிடம் கழித்து’ என்றே சொல்ல வழி உண்டு.

பூட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் லைனை முழுசாகக் கொடுத்தாலும் விநாடிக்கு 12.5 எம்பி, 15 நிமிடத்துக்குச் சுமார் 11 ஜிபிதான் போகும். அதற்கு மேல் தரவு மாறிக்கொண்டே இருந்தால், டைமரை எப்படித் திருகியும் பயனில்லை. லைனைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அனுப்புவதைக் குறைக்க வேண்டும். மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற மென்பொருளை ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராஸும் 1996-இல் உருவாக்கியது இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் 12 கிளைகளுக்கும் நள்ளிரவு 12 மணி வைத்திருக்கிறோம். சரிதானே? (கூட்டுறவுச் சங்கப் பணியாளர், தஞ்சாவூர்)

பதில்: குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் தெருவே குடத்தோடு நின்றால் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கும். ஒரு கிளைக்கு 12:07, இன்னொன்றுக்கு 12:19 என்று பிரித்து வையுங்கள். சிஸ்டம்டியில் ‘ரேண்டமைஸ்டு டிலே’ என்ற அமைப்பு இதைத் தானாகவே கலைத்துப் போடும்.

கேள்வி: டைமர் அடிக்கும் நேரத்தில் கரன்ட் இல்லாவிட்டால்? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: க்ரான் அந்த முறையை அப்படியே விட்டுவிடும். சிஸ்டம்டியில் நேரம் குறித்த டைமருக்கு ‘பெர்சிஸ்டென்ட்’ என்று குறித்து வைத்தால், கணினி எழுந்தவுடன் தவறிய வேலையை முதலில் முடிக்கும்.

கேள்வி: நகல் இருக்கிறதே, தனியாக பேக்கப் வேண்டுமா? (பள்ளி அலுவலர், விழுப்புரம்)

பதில்: கட்டாயம் வேண்டும். நகலெடுப்பவன் மூலத்தில் உள்ள தவறையும் சேர்த்தே எழுதுவான். நீங்கள் கோப்பை அழித்தால் அடுத்த மணிக்கு அங்கேயும் அழியும். வைரஸ் பூட்டினால் அங்கேயும் பூட்டிய கோப்புதான் போகும். நேற்றைய, போன வாரத்து, போன மாதத்து ஸ்னாப்ஷாட்களை, அதாவது அந்தந்த நேரத்து நிலையின் படங்களை, தனியே வைத்திருங்கள்.

கேள்வி: எல்லாம் அமைத்தாயிற்று. இனி நிம்மதியாகத் தூங்கலாமா? (மென்பொருள் பணியாளர், கோவை)

பதில்: தூங்குமுன் ஒரு சம்பவம். 2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிப்போன நகல் சர்வரைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், நகல் என்று நினைத்து மூல சர்வரின் தரவை அழித்துவிட்டார். போனது சுமார் 300 ஜிபி. நகல் சர்வரைப் புதிதாக நிரப்புவதற்காக ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். தினசரி பேக்கப்பைத் தேடினால், அங்கேயும் ஒன்றுமில்லை. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பேக்கப் கருவியின் பதிப்பு 9.2. இரண்டும் ஒத்துப்போகவில்லை. டைமர் தவறாமல் அடித்தது, கருவி தவறாமல் தோற்றது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் முறையான கையொப்பம் இல்லையென்று நிராகரிக்கப்பட்டன. கடைசியில் கைகொடுத்தது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட். இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு திரும்பவேயில்லை. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் நாம் இன்று பாடம் படிக்கிறோம்.

இரவுப் பேருந்தில் பிள்ளையை ஏற்றிவிடும் அம்மா, “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்று சொல்லி அனுப்புகிறாள். காலை ஆறு மணிக்கு போன் வராவிட்டால் அவளே கூப்பிடுவாள். உங்கள் தரவுக்கும் அந்த அம்மா வேண்டும். அனுப்பும் பக்கம் ஒரு டைமர் போல, பெறும் பக்கமும் ஒன்று வையுங்கள். ‘கடைசி நகல் வந்து 30 நிமிடம் தாண்டினால் கத்து’ என்று அதற்குச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அங்கிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்தும் பாருங்கள். அதன்பிறகு தூங்குங்கள்.