யூஸ் கேஸ் என்னங் மாமா?

புது போன் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன், எது நல்லது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும். கையிலிருக்கும் காப்பி டம்ளரைத் திண்ணையில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டுவார். நம் பழைய போனை வாங்கி, எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் கேட்பார்:

“உங்க யூஸ் கேஸ் என்னங் மாமா?”

சரவணம்பட்டிக்கும் விளாங்குறிச்சிக்கும் காலையில் கம்ப்யூட்டர் மூட்டையைச் சுமந்துகொண்டு போய், இருட்டிய பிறகு சூலூர் திரும்புகிற புரோகிராமர்கள் இப்போது வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அக்கா மகன் மாதிரி ஒருவர். ‘மாதிரி’ என்று போட்டிருப்பது, அக்கா இதைப் படிப்பாள் என்பதால். மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை அவர் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். “கேஸா? போன வாரந்தான் வந்துது சாமி. இன்னொரு சிலிண்டர் முழுசாக் கெடக்குது” என்றாள்.

என் அம்மா அவருக்கு அம்முச்சி. அம்முச்சிக்கு விளக்கம் சொல்லிவிட்டு மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். போனை எதற்குப் பயன்படுத்துகிறேன் என்பதுதான் கேள்வியாம். “பேசறதுக்குத்தான் மாப்பிள்ளை” என்றேன். பாவப்பட்டவனைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். “எல்லாரும் மொதல்ல அப்படித்தானுங் சொல்வாங்க.”

ஒரு நாளைக்கு எத்தனை போட்டோ எடுப்பேன்? பகலிலா, ராத்திரியிலா? வெயிலில் நின்று பார்ப்பேனா? கேம் ஆடுவேனா? போனை எங்கே வைப்பேன்? சட்டைப் பையில் என்றால் எந்தப் பக்கத்துப் பையில்? எனக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. குலதெய்வம் எது, தறி எத்தனை என்று இரண்டே கேள்வியில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 120 ஹெர்ட்ஸ் திரை வேண்டும் என்று ஆரம்பித்தார். அதாவது திரையில் தெரிகிற படம் நொடிக்கு 120 தடவை புதுசாக வருமாம். நான் விசைத்தறிக்காரன். என் தறி நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் பிக் ஓடுகிறது. அதில் நாடா போய் வருவதையே கண் பிடிப்பதில்லை. நொடிக்கு 120 எனக்கு எதற்கு என்று கேட்டேன். “பழகிட்டீங்கன்னா அப்பறம் 60 ஹெர்ட்ஸ் புடிக்காதுங்” என்றார். பிடித்துக்கொண்டிருப்பதைப் பிடிக்காமல் செய்வதற்கு நான் ஏன் ஐயாயிரம் எச்சாக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்குள் அவர் பேட்டரிக்குப் போய்விட்டார். பேட்டரியிலிருந்து சிப்புக்கு.

சிப்பில்தான் வந்து நிற்கும். எந்தப் பேச்சும் அங்கேதான் வந்து நிற்கும்.

“இப்ப இருக்கற சிப்பு பழசுங் மாமா. ரெண்டு மாசம் பொறுங்க. புதுசு வருது.”

இரண்டு மாதம் பொறுத்தேன். புதுசு வந்தது. “வந்த உடனே வாங்கப்படாதுங். தீவாளி வரைக்கும் பாருங்க, வெலை எறங்கும்” என்றார். தீபாவளி வந்தது. “ஆஃபர்ல விக்கறதெல்லாம் தேங்கின சரக்குங்.” பொங்கலுக்குக் கேட்டேன். பார்சிலோனாவில் செல்போன் கண்காட்சி வரப்போகிறதாம். அதில் என்ன காட்டுகிறார்கள் என்று பார்க்காமல் வாங்குவது நெம்பத் தப்பாம். நமக்கு ஆடியில் எதுவும் தொடங்கக் கூடாது. இவருடைய பஞ்சாங்கத்தில் பன்னிரண்டு மாதமும் ஆடி.

இதற்குள் என் போன் உப்பிவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுத்தான் காதில் வைக்க முடிந்தது. சார்ஜர் முள்ளைச் சாய்த்து வைத்து அதன்மேல் ஒரு நூல் கோனைத் தூக்கி வைத்தால் சார்ஜ் ஏறும். கோனை யாராவது எடுத்துத் தறியில் மாட்டிவிட்டால் நான் அன்றைக்கு ஊரில் இல்லாதவன்.

போனோடு விட்டாரா? டிவிக்குக் கேட்டார், மிக்ஸிக்குக் கேட்டார். கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதற்கும் ஒருநாள் யூஸ் கேஸ் கேட்டார். அக்கா சொன்னாள்: “மாவாட்டறதுடா.”

அவர் பேச்சை நிறுத்தக்கூடிய சக்தி எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், விமானப்படை. 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு சூலூருக்கு வந்ததில் நாட்டுக்கு என்ன பலம் என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த பலம், விமானம் தலைக்குமேல் போகிற அரை நிமிஷம். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒரு சொல் விடுபடாது.

மற்ற குணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பூக்காரம்மாவரைக்கும் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார்கள். இவர் சில்லறையை எண்ணிக் கொடுப்பார். “உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுமுங் மாமா” என்பார். எங்களுக்குத் தெரியாததால் நிம்மதியாக இருக்கிறோம். இத்தனை பேருக்கு ஞானம் சொல்கிறவரின் சொந்த போன் ஆறு வருசப் பழசு, கண்ணாடி சிலந்தி வலைபோல விரிந்திருக்கும். ஆபீசில் என்ன வேலை என்று ஒருதரம் கேட்டேன். எங்கேயோ அமெரிக்காவில் ஒரு இன்சூரன்ஸ் படிவம். அதில் ஒரு பொத்தானை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார். மூன்று வாரமாம்.

பிரிண்டர் கதையைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. பில் அடிக்கிற பிரிண்டர் பேப்பரை மென்று விழுங்க ஆரம்பித்தது. வீட்டிலேயே புரோகிராமர் இருக்கும்போது வெளியாளை ஏன் கூப்பிட வேண்டும்? வந்தார், பார்த்தார், மூடியைக்கூடத் திறக்கவில்லை. “நான் சாஃப்ட்வேருங். இது ஹார்டுவேர்” என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “மாப்பிள்ளை, ஜி.டி. நாயுடு பொறந்த கலங்கல் நம்மூருக்குப் பக்கத்துலதான் இருக்குது. ஒரு வெள்ளைக்காரனோட மோட்டார் சைக்கிளை வெலைக்கு வாங்கி, அக்குஅக்காப் பிரிச்சுப் போட்டு, மறுபடி மாட்டுன மனுசன். 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒத்தை பஸ்ஸை ஓட்ட ஆரம்பிச்சவரு, அப்பறம் மோட்டாரு செஞ்சாரு, கரண்டுல ஓடற சவரக் கத்தி செஞ்சாரு. உங்களால ஒரு மூடியத் தெறக்க முடியலியா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவரு ஹார்டுவேருங் மாமா” என்றார்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரிப்பு. இனிமேல் சொல்வது வயிற்றெரிச்சல்.

என் அம்மா நாற்பது வருசம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டவள். பெருவிரலில் ரேகை என்று ஒன்று இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். ஓர் ஆபீசில் ரேகை வைக்கச் சொன்னார்கள். மிஷின் ஏழு தடவை இவள் இவளில்லை என்றது. துடைக்கச் சொன்னார்கள், எண்ணெய் தடவச் சொன்னார்கள், இன்னொரு விரல் வைக்கச் சொன்னார்கள். கடைசியில் “நாளைக்கு வாங்க பாட்டி” என்றார்கள். நாளைக்குள் ரேகை முளைத்துவிடுமா? சரி, போனில் எண் அனுப்புகிறோம் என்றார்கள். எண் இங்கிலீஷ் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளையிடம் கத்திவிட்டேன். “எனக்கு ஒரு போன் வாங்க நூறு கேள்வி கேக்கறீங்களே, இந்த மிஷினைச் செஞ்சவங்க, இந்த ஓடிபியச் செஞ்சவங்க, ஒருத்தராவது எங்கம்மாகிட்ட வந்து யூஸ் கேஸ் கேட்டாங்களா? தறிக்காரி விரலு எப்படி இருக்கும், காட்டு வேலைக்குப் போறவங்க விரலு எப்படி இருக்கும்னு உங்க ஏசி ரூமுல யாருக்காச்சும் தெரியுமா?”

பதில் சொல்லவில்லை. சோறு உண்டுவிட்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

“அம்முச்சி, போன்ல உனக்கு என்னென்ன வேணும்?”

அந்த இங்கிலீஷ் வார்த்தையை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அம்மா யோசித்து யோசித்துச் சொன்னாள். திருப்பூரில் இருக்கிற பேத்தியிடம் பேச வேண்டும். முருகன் பாட்டுக் கேட்க வேண்டும். மணி தெரிய வேண்டும். “அப்பறம் ராத்திரி பொடக்காலிக்குப் போறதுக்கு லைட்டு வேணும் கண்ணு. அதுதான் முக்கியம்.” மாப்பிள்ளை அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பதினொரு மணிவரைக்கும் உட்கார்ந்து அம்மாவின் போனிலிருந்த மற்றதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பினார். இப்போது அம்மா போனை எடுத்தால் நாலு பெரிய வட்டம். பேத்தியின் முகம், முருகன், கடிகாரம், மஞ்சளாக ஒரு விளக்கு. அன்றிலிருந்து ராத்திரியில் அம்மா என்னை எழுப்புவதில்லை. ரேகை மட்டும் இன்னும் எந்த மிஷினுக்கும் தெரியவில்லை. அது மாப்பிள்ளை கையில் இல்லை.

போன மாதம் நானும் ஒரு போன் வாங்கிவிட்டேன். திருச்சி ரோட்டில் ஒரு சின்னக் கடை. கடைப் பையன் ஒரே கேள்விதான் கேட்டான்: “எவ்வளவுக்குள்ளங் பாக்கறீங்க?” பத்து நிமிஷத்தில் பையும் பில்லுமாக வெளியே வந்துவிட்டேன். கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் நீட்டினேன். உச்சுக் கொட்டினார். “ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமுங்.” சொல்லிக்கொண்டே வாங்கி, கம்பெனிக்காரன் திணித்து அனுப்பியிருந்த குப்பையையெல்லாம் அழித்து, பழைய போனிலிருந்த பாவுக் கணக்கு, நம்பர்கள், கல்யாண போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மாற்றிக் கொடுத்தார். எழுத்தையும் பெரிதாக்கினார். காசு கேட்கவில்லை, காப்பியோடு சரி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். போன் வாங்குவதற்கு முன்னால் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். வாங்கிய பிறகு அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். பிரிண்டருக்கு மட்டும் வெளியாளைக் கூப்பிடுங்கள்.