ஞாயிற்றுக்கிழமைப் பந்துவீச்சு: ஒரு முன்னாய்வு

ஞாயிறு காலையில் மட்டும் பந்துவீசும் மனிதனை ஆராயப் புகுவோர் முதலில் அளக்க வேண்டியது, அவன் ஓடிவரும் தூரத்தை. வயது ஏற ஏற இத்தூரம் நீள்கிறது. பந்தின் வேகமோ குறைகிறது. கிரீஸை நெருங்கும்போது அவன் அநேகமாக நடந்துகொண்டிருப்பான். ஆகவே அவ்வோட்டம் பந்துக்காக அன்று, பார்ப்பவர்க்காகவே என்பது எம் துணிபு.

அடுத்தது முழங்கை. வீசும்போது அது 15 பாகை வரை நிமிரலாம் என்று 2005இல் சர்வதேச கிரிக்கெட் இளகியது. நம் தெருவில் பாகைமானி கிடையாது. 'மாங்கா!' என்று ஒருவன் கத்தினால் தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீட்டைப் பந்து வாங்கிவந்தவர் விசாரிப்பார்.

ஆய்வின் மையம் பல்வகைமை. தொடர்ந்து இரண்டு பந்தை ஒரே இடத்தில் குத்தத் தெரியாதவனிடம் ஆறு வகைப் பந்து இருக்கும். கேட்டால் சொடக்குப் பந்தைச் சான்று காட்டுவான்: அஸ்வினே அதைச் சென்னை டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஒருவர் வீசக் கண்டுதானே கற்றார்? உண்மைதான். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன்கூட நடுவிரலை மடக்கிச் சுண்டும் வித்தையைப் போர்க்கால நியூகினியில் பிங்பாங் பந்தில் பழகியவர். 1950-51 தொடரில் இங்கிலாந்தின் 21 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனால் இவ்விருவரும் நினைத்த இடத்தில் குத்தத் தெரிந்தவர்கள் என்ற பகுதி வந்ததும் நம் ஆள் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான். டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது, கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு இளைக்காது. அதைச் சுண்டிய விரல் இதைச் சுண்டினால் நோகும் என்பதையும் திங்கட்கிழமைதான் அறிகிறான். சிக்ஸர் போன பின் தரையைக் குனிந்து ஆராயும் வழக்கம் தனி ஆய்வுக்கு உரியது.

தீர்வு எளிது. பந்து குத்தவேண்டிய இடத்தில் ஒரு செருப்பை வைத்து, மட்டையாளர் இல்லாத ஸ்டம்பை நோக்கி ஒரே வகைப் பந்தை வீசிக்கொண்டிருப்பது. ஓட்டத்தைப் பாதியாக்கலாம். வலக்கைக்காரர் இடக்கையை உயர நீட்டி, வீசும் கணத்தில் அதை விலாவோடு ஒட்டி இழுத்தால், தோள் தானே சுழலும். இதற்கு டென்னிஸ் பந்தே போதும்: சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கரும் அதில் விளைந்ததுதான்.

இம்முறையைச் சோதிக்க எம் ஆய்வுக்குட்பட்டோர் மனமுவந்து இசைந்தனர். யாருடைய செருப்பு என்ற கேள்வியில் பயிற்சி நிற்கிறது.