பால்மாரிஸ் லாங்கஸைக் காட்டிச் சபையில் பேர் வாங்குவது எப்படி?

பந்திக்குக் காத்திருக்கும் நேரம்தான் இதற்கு உகந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் கையை உரிமையோடு பிடியுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். நட்டநடுவில் ஒரு நாண் புடைத்து எழுந்தால் அவருக்குப் பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசை உண்டு. எழவில்லையா? முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டரைப் பார்க்கணுமா?" என்று பதறுவார். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

கட்டைவிரல் பக்கமாக இன்னொரு நாண் தெரியும். அதைக் காட்டி யாராவது தப்பிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அது ஃபிளெக்சர் கார்ப்பி ரேடியாலிஸ். நாடி பார்ப்பவர் விரல் வைப்பது அதற்குச் சற்று வெளியே. மணிக்கட்டை மடக்கும் உழைப்பெல்லாம் அதனுடையதும், சுண்டுவிரல் ஓரத்து அல்னாரிஸினுடையதும்தான். நம்ம ஆள் முழங்கையின் உட்புற எலும்பு முனையில் கிளம்பி, பாதி வழியிலேயே தசையை முடித்துக்கொண்டு வெறும் நாணாக இறங்குவார். விரல்களை மடக்கும் நாண்கள் மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் நெருக்கியடித்துப் போகும்போது, இவர் மட்டும் அதன் கூரைமேல் நடந்து உள்ளங்கைச் சவ்வில் போய்ச் சேருவார். சட்டை மடிப்புக் கலையாமல் கல்யாண வேலையை மேற்பார்வை பார்க்கும் சித்தப்பா மாதிரி.

நூற்றில் சுமார் 15 பேருக்கு இந்தத் தசை கிடையாது; இனத்துக்கு இனம் கணக்கு மாறும். சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லாததால் பிடியின் வலு குறைவதில்லை. இதை மட்டும் சாப்பாடு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

"அப்புறம் எதுக்குத்தான் அது?" என்று கேட்பார்கள். கழற்றி எடுக்க! 1974-இல் அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் டாமி ஜானின் இடது முழங்கைத் தசைநார் அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து இந்த நாணை உருவி, முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோத்தார். 1976-இல் களத்துக்குத் திரும்பியவர் 1989 வரை வீசினார். சித்தப்பா ஒருநாள் வேலை பார்த்தால் அப்படித்தான்.

உருவுவதிலும் ஒரு வம்பு உண்டு. நாணுக்கு அடியிலேயே மீடியன் நரம்பு ஓடுகிறது. நாண் என்று நினைத்து அதையே வெட்டி எடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே அறுவைக்கு முன் டாக்டர் விரலைச் சேர்த்து மடக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மடக்குங்கள். ஒன்றும் எழாவிட்டால் காலில் பிளான்டாரிஸ் என்ற தசையின் நாணைத் தேடுவார். அதுவும் சிலருக்கு இருக்காது.