போயஸ் தோட்டத்து விலை

மயிலாப்பூர் டீக்கடையில் நிற்கும் வீட்டு புரோக்கரிடம் போயஸ் தோட்டத்தில் கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். சர்க்காருக்கு அது போதாது. ஜெயலலிதாவின் அங்குள்ள வீடான வேதா நிலையத்தைக் கையகப்படுத்தி நினைவில்லமாக்க, 2020-இல் சிவில் கோர்ட்டில் 67.9 கோடி ரூபாய் கட்டியது. அதில் 36.9 கோடி வருமான வரி பாக்கிக்கு: ஒரு சர்க்கார் கட்டும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும். உள்ளே 38 ஏ.சி., 8,376 புத்தகம் என்று எண்ணிக் கணக்கும் எழுதியாயிற்று.

விலைச் சண்டை பழசு. 1938-இல், அமெரிக்கர்களின் சொத்தை எடுத்துக்கொண்ட மெக்சிகோவிடம் அமெரிக்க மந்திரி கார்டெல் ஹல் கேட்டது மூன்றே மூன்று: இழப்பீடு உடனே வேண்டும், போதுமானதாக வேண்டும், கைக்கு வந்து உதவ வேண்டும். ‘போதுமானது’ எவ்வளவு என்று சொல்லியே உலகெங்கும் நிபுணர்கள் இன்றுவரை பில் போடுகிறார்கள்.

இங்கே ஜெயலலிதாவின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 2021 நவம்பரில் ஹைகோர்ட் கையகப்படுத்தியதையே ரத்து செய்தது. மெரினாவில் நினைவிடம் ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு என்றும் கேட்டது. டிசம்பரில் சாவி வாரிசுகளில் ஒருவரான தீபா கையில். புரோக்கருக்குத்தான் கமிஷன் இல்லை.