ஏழாம் வகுப்புப் பண்டமாற்று

வீட்டுக்காரருக்கு வேலை மாறும்போதெல்லாம் எங்கள் வீடு மாறும். வீடு மாறினால் என் பள்ளிக்கூடமும் மாறும். மயிலாப்பூர், பழைய மகாபலிபுரம் சாலை, இப்போது வியாசர்பாடி. மூன்று இடத்திலும் நான் எடுத்தது ஆறிலிருந்து எட்டு வரை அறிவியல்தான். பாடம் எங்கும் ஒன்றே. மதிய மணி அடித்தபின் நடப்பதுதான் பேட்டைக்குப் பேட்டை வேறு.

இந்த வயசுக்கென்று ஒரு குணம் உண்டு. அம்மா கட்டிக்கொடுத்தது எதுவாக இருந்தாலும் அதில் ருசி கிடையாது. அதே பண்டம் பக்கத்து பெஞ்சுக்காரன் டப்பாவிலிருந்து வந்தால் அமிர்தம். அதனால் டப்பா என்பது சாப்பிடுவதற்கல்ல, வியாபாரத்துக்கு.

மயிலாப்பூரில் செலாவணி மாவடு. ஒரு மாவடுக்கு இரண்டு உருளைக்கிழங்கு வறுவல் என்பது பொதுவான விலை. பரீட்சை நேரத்தில் கொஞ்சம் ஏறும். கையில் காசு புரண்டால் சாயங்காலம் கிழக்கு மாட வீதி காளத்தி கடையில் ரோஸ் மில்க். இதெல்லாம் வீட்டுக்குத் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு பேக்கரியில் இருந்தது. முட்டை வாசனையே ஆகாத வீட்டுப் பையன் ஒருவன், வாயோரமெல்லாம் பஃப்ஸ் பொடியோடு என்னிடம் மாட்டினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே வாதாடினான்: “எக் பஃப்ஸ்ல பாதி முட்டைதான் மிஸ் இருக்கும். பாதியெல்லாம் கணக்குல வராது.” வக்கீலாக வருவான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் டப்பாவுக்குள் அஞ்சறைப்பெட்டி போல அறைகள். ஒன்றில் ப்ரோக்கோலி, ஒன்றில் ஊறவைத்த பாதாம், நடுவில் கினோவா உப்புமா. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, “கினோவா முழுசா சாப்பிடறானா மிஸ்?” என்று கேட்டார். “டப்பா தினமும் காலியாத்தான் போகுது மேடம்” என்றேன். பொய் இல்லை. மைதானத்துக் காக்கைகள் அந்த வருஷம் நல்ல திடகாத்திரமாக இருந்தன. பிள்ளையோ ஆயாம்மாவின் டிபன் கேரியரைச் சுற்றிச் சுற்றி வருவான். அதில் பழைய சோறும் சுண்டவைத்த வத்தக்குழம்பும் இருக்கும். அவர் ஒரு உருண்டை கையில் வைப்பார். பதிலுக்கு நாலு பாதாம் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். இரண்டு தரப்புக்கும் லாபம்.

இப்போது வியாசர்பாடி. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்களில் பல குடும்பங்கள் இங்கேதான் குடியேறின. அவர்களோடு அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டமும் வந்தது. பள்ளி விட்டதும் தள்ளுவண்டியைச் சுற்றிச் சீருடைக் கூட்டம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் வண்டிக்கார அண்ணன் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போடுவார். கூடவே கிண்ணத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். அமிலத்துக்கு உதாரணம் கேட்டால் மற்ற பள்ளிகளில் எலுமிச்சை என்பார்கள், இங்கே, “அத்தோவுக்கு ஊத்துற புளித்தண்ணி மிஸ்.” டார்டாரிக் அமிலம், சரியான விடை. முழு மதிப்பெண் போட்டேன். “முட்டை மசாலாவுக்கும் அதான் மிஸ் ஊத்துவாங்க” என்று இன்னொருத்தி போனஸ் கேட்டாள்.

ஆறிலிருந்து எட்டு வரையிலான இந்த மூன்று வகுப்புகளை அரசும் கொஞ்சம் மறந்துதான் போகிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பாடவேளையிலேயே சோர்ந்து உட்கார்ந்திருந்தான். தங்கச்சி அவள் பள்ளியில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டிருப்பாளாம். இவனுக்கு டீயும் பன்னும். “அஞ்சாவதுலயே ஃபெயில் ஆகியிருக்கலாம் மிஸ்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டிய விஷயமா என்பது வேறு. மதியம் சத்துணவு முட்டை வரும்வரை அவன் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மயிலாப்பூர்க்காரனுக்குத் திருட்டு முட்டை, இவனுக்கு உரிமை முட்டை.

பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி போட்டது. பரப்பளவுக் கணக்கில் முட்டை வாங்குகிற பிள்ளைகூட அந்த 50 மீட்டர் எங்கே முடிகிறது என்று துல்லியமாகச் சொல்லும். சேமியா ஐஸ் வண்டி நிற்கிற இடம் அதுதான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தபோது, அதில் கலந்திருந்த ரோடமின்-பி சாயத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். என் பணிக்காலத்தில் ஒருவர்கூடக் கொட்டாவி விடாத வகுப்பு அது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பாட்டில் இத்தனை வித்தியாசம். தண்ணீரில் மட்டும் மூன்று பேட்டையும் ஒன்று. காலையில் நிரம்பி வந்த பாட்டில் சாயங்காலம் நிரம்பியே வீட்டுக்குப் போகும். பையன்களுக்கு மறதி. பெண் பிள்ளைகளுக்கு மறதி இல்லை, கணக்கு: தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போகவேண்டும், கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. கேரளத்தில் 2019-இலேயே தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல யோசனைதான். கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அடித்தால் இன்னும் நன்றாக ஒலிக்கும்.

போன வாரம் சிறுநீரகம் நடத்தினேன். தண்ணீர் குடிக்காவிட்டால் கல் வரும், கடுக்கும் என்று நன்றாகவே பயமுறுத்தினேன். இரண்டாம் பெஞ்சுக்காரி எழுந்து நின்றாள்.

“மிஸ், உங்க பாட்டிலும் ஃபுல்லாத்தான் இருக்கு.”

“அடுத்த பக்கம் எடுங்க” என்றேன்.