மூன்று ஸீயும் ஒரு பிளஸும்

2022இல் இலங்கையும் நானும் ஒன்றாகத்தான் வங்குரோத்து ஆனோம். வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டுவதில்லை என்று ஏப்ரல் 12ஆம் திகதி நாடு நிதியமைச்சு மூலம் அறிவித்தது. எனக்கு நிதியமைச்சு இல்லை; மனைவி மூலம் அறிவித்தேன். லீசிங்காரர் வாசலுக்கு வந்தபோது, "அவரு ரிவர்ஸ்டன் போயிருக்காரே" என்றாள். அந்த மாதம் மாத்தளையில் யாரிடமும் மலை ஏறுகிற அளவுக்கு டீசல் கிடையாது என்பது வந்தவருக்கும் தெரியும். பாவம், நல்ல மனுஷன். ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்ற வானை மட்டும் ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வான்தான் என் தொழில். மாத்தளையில் ஆளேற்றி, ரத்தோட்டை வழியாகப் பம்பரகிரி எல்லயில் குளிக்க விட்டு, ரிவர்ஸ்டன் உச்சிக்குக் கூட்டிப்போய்த் தொலைத்தொடர்புக் கோபுரத்தடியில் காற்று வாங்க வைத்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியில் படம் பிடித்து இறக்கிக்கொண்டு வருவேன். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்ததும் வெள்ளைக்காரர் நின்றார்கள். 2020இல் கொரோனா வந்ததும் உள்ளூர்க்காரரும் நின்றார்கள். 2022இல் வானே நின்றது. கடனட்டை வட்டி மட்டும் நிற்கவில்லை. அது 36 சதவீதம்வரை ஓடியது, டீசல் இல்லாமலே.

கடைசியில் வானை சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். கடனட்டையை நானே கத்தரியால் வெட்டினேன். பிறகு நாடும் நானும் எழுந்து நிற்கத் தொடங்கினோம். வித்தியாசம் அங்கேதான் ஆரம்பம்.

நாட்டுக்கு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது. பிணைமுறி வைத்திருந்த பெரிய மனிதர்கள் முதல்தொகையில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். கோட் போட்டவர்கள் கைகுலுக்கினார்கள். இந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நான் கடன் வாங்கிய இடத்துக்குப் போய், "எனக்கும் ஒரு 27 வெட்டுங்க" என்றேன். அங்கிருந்த தம்பி மரியாதையானவன். தண்ணீர் கொடுத்தான். "நாணய நிதியத்தில இருந்து கடிதம் ஏதும் வச்சிருக்கீங்களா சேர்?" என்று கேட்டான்.

2024 டிசம்பரில் ஃபிட்ச் என்கிற தரப்படுத்தல் நிறுவனம் நாட்டின் பெறுபேற்றை உயர்த்தியது: ஸீ ஸீ ஸீ பிளஸ். தொலைக்காட்சியில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் மூன்று ஸீ எடுத்துவந்தபோது இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. அப்போது அந்த பிளஸ் இருந்திருந்தால் ஒரு பாயாசமாவது கிடைத்திருக்கும்.

எனக்கு மார்க்ஸ் போடுகிறவர்கள் வேறு ஆட்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி வந்த இலங்கை கடன் தகவல் பணியகம். ஊரில் 'கிரிப்' என்றால்தான் தெரியும். தெற்காசியாவிலேயே இப்படியொன்று முதலில் வந்தது நம் நாட்டில்தான் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அங்கே புள்ளி 250இல் தொடங்கி 900 வரை போகும். வெறுந்தாள் கொடுத்தவனுக்கே 250 என்றால், எங்கள் கணக்கு வாத்தியாரைவிட இரக்கமுள்ள இடம். "கிரிப்ல பேர் இருக்கு, தர ஏலாது" என்பார் வங்கிக்காரர். கிரிப்போ, கடன் கொடு என்றும் சொல்லாது, கொடாதே என்றும் சொல்லாது. வங்கிகள் அனுப்பிய கணக்கை வாங்கித் திருப்பிக் காட்டும், அவ்வளவே. மாமியார் சொன்னதை மருமகளும் மருமகள் சொன்னதை மாமியாரும் சொல்லக் கேட்டு நடுவில் நிற்கிற ஆண்பிள்ளைக்கு இந்த நிலைமை புதிதல்ல.

சொந்தக்காரர்கள் ஆலோசனை சொன்னார்கள். கூடலூரில் இருக்கும் சித்தப்பா மகன், "அங்க கிரிப்பா? இங்க சிபில், அதுக்கு 300லதான் ஆரம்பம்" என்று ஐம்பது புள்ளி கூடுதலாகப் பெருமைப்பட்டான். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் இன்னும் தாராளம். "நாங்க இங்க பாங்க்ரப்சி அடிச்சா, முதல் தரம் எண்டா ஒன்பது மாசத்தில விட்டுடுவாங்கள். ரெண்டு வகுப்புக்குப் போகோணும், அவ்வளவுதான்" என்றார். ஒன்பது மாதத்தில் மறுபிறவி! அவர் சொன்ன விதத்தில், இதுவரை அடிக்காமல் இருப்பது என் சோம்பேறித்தனம் போலப் பட்டது.

இங்கே அப்படி அடிக்க வழி உண்டா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். உண்டு: 1853ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். லூல்கந்துரையில் தேயிலை நடுவதற்கும் பதினான்கு வருஷம் முந்தியது. நம் பாட்டன் பூட்டன் கோப்பித் தோட்டத்துக்கு மாத்தளை வழியாக நடந்துவந்த காலத்தில், கோப்பித் துரைமார் மூழ்கினால் பிடித்துக்கொள்ள எழுதிய பலகை. துரைமார் மூழ்கத்தான் செய்தார்கள். கோப்பி இலையில் நோய் விழுந்து, அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே 1884இல் படுத்துவிட்டது. அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரில் பொறுப்பேற்றார். அதே வருஷம் வங்கி பெயருக்கு முன்னால் 'நியூ' என்று ஒட்டிக்கொண்டு மறுபடி கடை திறந்தது. 1892இல் மறுபடி படுத்தது. பெயருக்கு முன் 'நியூ' போட்டுக்கொள்ள எனக்கு மட்டும் கிராம சேவகர் அத்தாட்சி தர மாட்டேன் என்கிறார்.

சரி, நேர்வழியிலேயே போவோம் என்று ஒரு வங்கியில் கடனட்டைக்கு விண்ணப்பம் போட்டேன். இப்போது நான் இன்னொருவர் வானுக்குச் சாரதி. வங்கியிலிருந்து அழைப்பு வந்தபோது, கொழும்புக் குடும்பம் ஒன்றோடு ரிவர்ஸ்டன் உச்சியில் நின்றேன். அந்தக் காற்றைப் பற்றி அறியாதவர்களுக்கு: குடை பிடித்தால் குடை மட்டும் போகாது.

"சேர், மாச வருமானம் எவ்வளவு?"

"நாப்பது..." ஆயிரத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

"நாலு லட்சமா சேர்?"

"இல்ல மிஸ், காத்து! காத்து!"

"காத்தாலையா? சொந்தமா வச்சிருக்கீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பாதைப் பக்கமிருந்து அந்தக் குடும்பத்து அம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி, "ஐயோ, அட்டை! அட்டை!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆமா சேர், அட்டை விஷயமாத்தான் எடுத்தேன்" என்றார் மிஸ், மிகுந்த பொறுமையோடு.

நான் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் சித்தாலேபயுமாகக் குனிந்து, அம்மாவின் கணுக்காலில் ஒட்டியிருந்ததன் மேல் பூசினேன். அது சுருண்டு விழுந்தது. அதற்குள் இணைப்பும் விழுந்துவிட்டது. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: வருந்துகிறார்களாம். நான் காற்றாலை முதலாளி இல்லை என்று யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

இன்னொரு வங்கியில் வேலை முடிந்தது. "ஒரு லட்சம் நிலையான வைப்பு வைங்க, அதை ஈடா வச்சுக் கார்ட் தாரோம்" என்றார்கள். அதாவது என் காசை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அதை அவர்களிடமிருந்தே நான் கடனாக வாங்க வேண்டும். என் காசுக்கு அவர்கள் தருகிற வட்டியைவிட, என் காசுக்கு நான் கட்டுகிற வட்டி பல மடங்கு. மனைவியிடம் விளக்கினேன். "ஏங்க, அந்தக் காசையே சட்டைப்பையில வச்சுக்கிட்டா?" என்றாள். பொருளாதாரம் படிக்காதவள்.

ஈடு கேட்காவிட்டால் பிணைக்கு இரண்டு பேர் கேட்பார்கள். எனக்குப் பிணை நிற்க ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர வரை ஒரு ஆள் இல்லை. அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு நாள் ரத்தோட்டைக் கடையில் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று விளங்கியது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். நாட்டை நம்பிக் கடன் கொடுத்த பெரிய மனிதர்கள், அது எங்கிருந்து திருப்பிக் கட்டும் என்று பார்த்திருப்பார்கள் அல்லவா? பார்த்த இடம் என் சட்டைப்பை. எந்த வங்கியும் ஒரு ஃபிரிட்ஜுக்கு நம்பாத மனிதனை, உலகம் ஒரு நாட்டுக்கே பிணையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதை கிரிப்பில் ஏற்றிப் புள்ளி போட்டால் என்ன? கேட்டுப் பார்த்தேன். அதற்குப் படிவம் இல்லையாம்.

கடனட்டை வந்துவிட்டது. வந்த சூட்டோடு வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும்: மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, இனி தவணை முறையிலும் வாங்கலாம். பிற நாடுகளிடம் வாங்கிய கடனின் முதலைத் திரும்பக் கட்டத் தொடங்க நாடு 2028வரை நேரம் வாங்கியிருக்கிறது. எனக்கு அடுத்த மாதம் 15ஆம் திகதி. போட்டியில் நான் முந்திக்கொண்டேன். ஃபிட்ச்காரர்கள் எப்போதாவது ரிவர்ஸ்டன் பக்கம் வந்தால் வான் வாடகை தள்ளுபடி, 27 சதவீதம்.