பிறக்கவிருப்பவரின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
பிறக்கவிருக்கும் ஒருவர் (ஆறாம் மாதம்),
கிரீன்வில் அருகில், மிசிசிப்பி டெல்டா, அமெரிக்கா.

பெறுநர்:
கருவுயிர்க் காப்பு அறக்கட்டளைகளின் நிர்வாகிகள்,
மிசிசிப்பி மாநிலம்.

பொருள்: வரும் ஆண்டின் மக்கள் தொடர்பு மற்றும் கல்வித் திட்டங்களில் சிறு திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) கருக்கலைப்பு பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 24.06.2022. 2) மாநில சுகாதாரத் துறையின் அவசரநிலை அறிவிப்பு, ஆகஸ்ட் 2025.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

மனுதாரர் இதுவரை நலம். அவருக்காகத் தாங்கள் தட்டி பிடித்து, ஜெபக்கூட்டம் நடத்தி, வழக்குப் பேசி வென்ற செய்தி வயிற்றுக்குள்ளேயே எட்டிவிட்டது. மாநிலத்தில் மிஞ்சியிருந்த ஒரே கருக்கலைப்பு மருத்துவமனையான ஜாக்சன் நகரத்து ‘பிங்க் ஹவுஸ்’ 2022 ஜூலையில் மூடப்பட்டது. இளஞ்சிவப்புச் சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. மருத்துவமனை நியூ மெக்ஸிகோவின் லாஸ் குரூசஸ் ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வாழ்த்துகள்.

அதே கோடையில் இன்னொரு கதவும் மூடியது. டெல்டா பகுதிக்கென்று இருந்த ஒரே பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு, மனுதாரரின் ஊரான கிரீன்வில்லில், 2022இல் நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் பக்கத்து கிரீன்வுட் மருத்துவமனை பிரசவ வார்டையே இழுத்து மூடியது. இந்த இரண்டு கதவுகளுக்காக எந்த வழக்கும் வாஷிங்டன் வரை போகவில்லை. மனுதாரர் எட்டாம் மாதமே அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டால் தீவிர சிகிச்சைக்கு வெளியூருக்குத்தான் பயணப்பட வேண்டும். ஆகவே பொறுமையாக இருக்கும்படி அவருக்கு அவரே அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மனுதாரருக்கு மனுப் போடும் தகுதி உண்டா என்று அலுவலகத்தில் கேள்வி எழலாம். கருவுற்ற கணத்திலிருந்தே அவர் ஒரு ஆள் என்று மாநில அரசியலமைப்பில் எழுத 2011இல் வாக்கெடுப்பு நடந்தது. தேவாலயங்கள் நிறைந்த இதே மிசிசிப்பியில் சுமார் 58 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அந்தத் தோல்வியை மனுதாரர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய கவலையெல்லாம் பிறந்த பிறகு தொடங்கும் முதல் வருஷத்தைப் பற்றியது.

பார்வை 2இல் கண்ட அறிவிப்பைத் தாங்கள் படித்திருப்பீர்கள். 2024இல் மிசிசிப்பியில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளில் 9.7 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காணாத அளவு இது. 2014 முதல் இறந்த சிசுக்கள் 3,500க்கு மேல். பிறவிக் கோளாறு, குறைப்பிரசவம், எடைக்குறைவு, உறக்கத்தில் மரணம் ஆகியவை முக்கியக் காரணங்கள். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் கவனிக்க, தாய்க்குக் காப்பீடும் இல்லை, டாக்டரும் பக்கத்தில் இல்லை என்றால், குழந்தை நாள் முந்திப் பிறப்பதில் வியப்பென்ன?

இனி கல்வித் திட்டம். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் பள்ளிகள் பாலியல் கல்வி நடத்த வேண்டும். ஆனால் மாணவரும் மாணவியரும் தனித்தனி அறையில் உட்கார வேண்டும், பெற்றோர் முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும், ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர் செய்து காட்டக் கூடாது. பாடம் நடத்தின மாதிரியும் இருக்க வேண்டும், நடத்தாத மாதிரியும் இருக்க வேண்டும். 2012இல் சான்ஃபோர்ட் ஜான்சன் என்ற கல்விப் பணியாளர் இதற்கு வழி கண்டுபிடித்தார். காலுறை அணிவது எப்படி என்று ஒரு வீடியோ எடுத்தார். உறை சரியான அளவா, நுனியில் கொஞ்சம் இடம் விட்டாயிற்றா, மாட்டியபின் ஒழுங்காக உருட்டி விட்டாயிற்றா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளக்கினார். சட்டம் காலைத் தடை செய்யவில்லை.

பக்கத்து டென்னசியில் 2024இல் வேறு பாடம் வந்தது. கருவளர்ச்சியைக் காட்டும் அனிமேஷன் படத்தைப் பள்ளிகளில் போடச் சட்டம் போட்டார்கள். அதில் வாரக்கணக்கு கருத்தரித்த நாளிலிருந்து ஓடுகிறது. டாக்டர்கள் எண்ணுவதோ கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. இரண்டுக்கும் இரண்டு வாரம் இடிக்கிறது. மனுதாரருக்குத் தம் வயதே குழப்பமாகிவிட்டது.

தங்கள் ஆதரவில் நடக்கும் கர்ப்பகால உதவி மையங்கள் சும்மா இல்லை என்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார். இலவச ஸ்கேன் உண்டு, தொட்டில் உண்டு, துணிமணி உண்டு. பல மையங்களில் டயப்பருக்கு மட்டும் ஒரு முறை இருக்கிறது: தாய் வகுப்பில் உட்கார்ந்து, வீடியோ பார்த்து, பாயிண்ட் சேர்க்க வேண்டும். அந்தப் பாயிண்டுகளைக் கொடுத்து மையத்தின் குட்டிக் கடையில் டயப்பர் வாங்கிக்கொள்ளலாம். குழந்தை ஈரம் செய்வதற்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

மையங்களுக்கு நன்கொடை கொடுப்பவர் அதை மாநில வரியில் கழித்துக்கொள்ளலாம். 2022இல் இந்தச் சலுகைக்கு ஆண்டு வரம்பு 35 லட்சம் டாலர், மறு ஆண்டே அது 1 கோடியானது. கடையில் காசு கொடுத்து டயப்பர் வாங்கும் தாயிடம் அதே மாநிலம் 7 சதவீத விற்பனை வரி வசூலிக்கிறது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் இரண்டே மாதத்தில் முடிந்துகொண்டிருந்த தாயின் மெடிகெய்டு (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), 2023 மார்ச்சில் 12 மாதமாக நீட்டிக்கப்பட்டது. ஆளுநர் டேட் ரீவ்ஸ் அதைக் கருவுயிர்க் காப்புக் கொள்கையின் பகுதி என்று சொல்லித்தான் கையெழுத்திட்டார். ஏழைத் தொழிலாளிகளுக்கும் மெடிகெய்டை விரிவாக்கும் மசோதா மட்டும் 2024இல் இரு அவைகளுக்கிடையே பேரம் படியாமல் செத்துப்போனது.

எனவே, வரும் ஆண்டுத் திட்டத்தில் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கும்படி மனுதாரர் கேட்டுக்கொள்கிறார்: டயப்பரை வகுப்பு வருகையோடு முடிச்சுப் போடாமல் கொடுங்கள். கிளினிக் வாசலில் நின்ற தொண்டர்களில் பாதிப் பேரையாவது டெல்டாவின் கர்ப்பிணிகளை டாக்டரிடம் காரில் கூட்டிப்போக அனுப்புங்கள். ஜனவரியில் சட்டமன்றம் கூடும்போது, 2022இல் காட்டிய அதே ஊக்கத்தோடு, மெடிகெய்டு விரிவாக்கத்துக்கும் கிரீன்வில் சிகிச்சைப் பிரிவுக்கும் குரல் கொடுங்கள்.

மனுதாரருக்கு இன்னும் மூன்று மாதம்தான் அவகாசம். அதற்குள் பதில் தரவும்.